சித்தப்பா ஜெயித்த சாயங்காலம்

நீங்களும் அட்டை சேர்த்த கூட்டமென்றால் உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டே படிக்கிற வயதெல்லாம் நமக்குப் போய்விட்டது. எனக்கு முட்டி, உங்களுக்கு எதுவோ. மல்யுத்தக்காரர்களின் படம் போட்ட அந்த அட்டைகளைத்தான் சொல்கிறேன். படத்துக்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை ஜெயம் என்று அச்சிட்டிருக்கும். "எடை!" என்று நான் கூவினால் உங்கள் கையிலிருப்பவனின் எடையை நீங்கள் சொல்லவேண்டும். குறைந்தவனைக் கூடினவன் விழுங்கிவிடுவான். பள்ளிக்கூடப் பையின் வாடையும் புளிப்பு மிட்டாய்ப் பிசுக்கும் அந்த அட்டைகளின் ஓரத்தில் எப்போதும் ஒட்டிக்கிடக்கும்.

என்னிடம் உலகத்திலேயே கனமான மனிதனின் அட்டை இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் பாதிப் பையன்களை அழவிட்டிருக்கிறேன். ஒருநாள் அப்பா, மீந்துபோன ஜரிகையைச் சுற்றிவைக்கத் தோதாக ஏதாவது அட்டை கிடைக்குமா என்று தேடினார். கைக்கு அகப்பட்டவன் என் ஆள்தான். பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், உலகத்திலேயே கனமான மனிதன் இடுப்பில் ஜரிகை ஒட்டியாணம் கட்டிக்கொண்டு தறிக்கு மேலே ஆணியில் தொங்குகிறான். "அட்டதானே, வேற தரேன் இரு" என்று அப்பா ஒரு வெள்ளை அட்டையை வெட்டிக் கொடுத்தார். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு நான் யாரை ஜெயிப்பது?

இப்போது என் மகன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்து, "அம்மா, ரெஸ்லிங் எல்லாம் ஃபேக் மா. யார் வின் பண்ணணும்னு முன்னாடியே பேசி வெச்சிக்கறாங்க" என்கிறான், பெரிய துப்பு துலக்கியவன் போல. அடேய், எனக்கு அது நாலாங்கிளாஸ் படிக்கும்போதே தெரியும். எங்கள் தெருவிலேயே எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் தெரிந்தவளை யார் கேட்டார்கள்?

அந்த இன்னொருவர் என் சித்தப்பா.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது இரண்டு தறி வீடு. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அப்பாவின் தம்பி. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அப்பாதான். வளர்ப்பில் ஒரு குறையும் சொல்லமுடியாது, கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்துவிட்டார். வாசல் நிலையில் நெற்றி இடித்து இடித்து, கடைசியில் எந்த வாசலைக் கண்டாலும் தலை தானாகக் குனிந்துகொள்ளும். குழித்தறி என்பது தரையில் பள்ளம் வெட்டி அமைப்பது. பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு, அடியிலிருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கவேண்டும். சித்தப்பாவின் கால் அந்தப் பள்ளத்துக்குள் அடங்காது. முட்டி மேல்கட்டையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கக் கோணலாக மிதிப்பார், இழை கொத்தாக அறுந்துபோகும். "பட்ட மிதிக்கிறியா, சேத்த மிதிக்கிறியா?" என்று அப்பா தன் தறியிலிருந்தே கத்துவார். சித்தப்பா குனிந்து ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போடுவார். பெரிய விரல்கள், சின்ன முடிச்சு. அந்த நேரத்தில் அவர் காதுமடல் சிவந்திருப்பதை நான் பார்ப்பேன்.

எங்கள் தெருவின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவு என்போம். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். அப்படிக் கட்டியிருக்கும்போது பாவு அறுந்தாலோ திடீரென்று தூறல் போட்டாலோ ஒரு குரல் கேட்டால் போதும். பல் தேய்க்கிறவர் வாயில் நுரையோடு ஓடிவருவார். சோற்றில் கை வைத்தவர் அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவருவார். யார் வீட்டுப் பாவு, யாரால் அறுந்தது, அவரோடு பேச்சு உண்டா இல்லையா, ஒன்றும் கேட்கக் கூடாது. முதலில் தூக்கிப் பிடிக்க வேண்டும். கேள்வியெல்லாம் அப்புறம். பெரும்பாலும் அப்புறமும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த வருஷம் வைகாசிக் கருடசேவையை ஒட்டி, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். நாங்கள் சிவன் கோயில் கூட்டம்தான். ஆனாலும் கருடசேவைக்குப் போகாத வீடு எங்கள் ஊரில் கிடையாது, பொருட்காட்சிக்குப் போகாத வீடு அதைவிடக் கிடையாது. ராட்டினம், மரணக்கிணறு, முகத்தை மறைக்கிற அளவு பெரிய மிளகாய்ப்பொடி தூவிய அப்பளம். இவற்றையெல்லாம் தாண்டிக் கடைசியில், ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில், காக்கிக் கூடாரம் ஒன்று. வாசலில் துணிப் பலகையில் இரண்டு தடியர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கேபிள் டிவி தெருவுக்கு வந்த புதிது. மல்யுத்தம் என்றால் மாவரைக்கிற பெண்கள்கூட எட்டிப் பார்த்த காலம்.

அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நாலு பேரும் போனோம். உள்ளே மரத்தூளும் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. பலகை மேடை, அதன்மேல் தார்ப்பாய், சுற்றிலும் சிவப்புத் துணி சுற்றிய கயிறு. மஞ்சள் நிஜார் போட்ட ஆற்காட்டுச் சிங்கம் ஒரு பக்கம், சிவப்பு முகமூடி போட்ட வில்லன் ஒரு பக்கம். சிங்கம் முகமூடியைத் தூக்கிப் போட்டபோது நிஜமாகவே பலகை ஒன்று முறிந்து, முகமூடிக்காரரின் தோள் பிசகிவிட்டது. அவர் எழுந்திருக்க முடியாமல் முனகினார். கூட்டம் அதுவும் ஆட்டம் என்று கை தட்டியது. சித்தப்பா மட்டும் எழுந்து ஓடினார். பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடித்து, அந்த மனிதரை வெளியே எடுத்துவிட்டார். கம்பெனி முதலாளி, காதில் பென்சில் செருகிய குட்டை மனிதர், முறிந்த பலகையைப் பார்க்காமல் சித்தப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து சித்தப்பாவைச் சாயங்காலங்களில் வீட்டில் காணோம். பொருட்காட்சியில் ஒரு சிநேகிதன் கடை போட்டிருக்கிறான், ஒத்தாசைக்குப் போகிறேன் என்றார். "அங்கயாச்சும் எதையும் ஒடைக்காம வா" என்றார் அப்பா.

நான் அடம் பிடித்து, அம்மாவோடு இன்னொரு தடவை போனேன். முகமூடிக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். திரையை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். தலைக்கு மேலே வானம் மாதிரி கூடாரம். இடிக்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பளத்தில் மும்முரமாக இருந்தாள். அன்று சித்தப்பா ஏழெட்டுத் தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் கூடாரமே அதிர்ந்தது.

மறுநாள் காலையில் கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று மதியம், ஆட்டம் இல்லாத நேரத்தில், என்னையும் கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்.

நான் எதிர்பார்த்தது சிங்கத்தின் குகை. பார்த்ததோ, மண்ணெண்ணெய் அடுப்பில் ரசம் கொதிக்க, முதலாளியின் மனைவி முகமூடிக்குக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்ததை. டிக்கெட் கிழிப்பதும் அவர்தான். சிங்கம் ஒரு மூலையில் தலைக்குத் துண்டு போர்த்தி ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. சிங்கத்துக்கு இழுப்பு நோய். குரல் கீச்சென்று இருந்ததால் மேடையில் பேசவே விடமாட்டார்களாம்.

"பேட்டி, பயப்படாத. உங்க சித்தப்பா மேல வுழுறது பஞ்சு மெத்த மேல வுழுற மாதிரி கீது" என்றார் சிங்கம், துண்டுக்குள்ளிருந்தே. பேட்டி என்றால் அவர்கள் உருதுவில் மகள்.

விழுவதிலும் வேலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு முழுதாகப் படும்படி சாய்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் பலகையை ஓங்கி அறைய வேண்டும். பலகைக்கு அடியில் காலி எண்ணெய் டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதனால்தான் அந்த அதிர்ச்சிச் சத்தம். சித்தப்பா விழுந்து காட்டினார். தறியில் கோணலாக உட்கார்ந்து பார்த்த உடம்பு அங்கே அத்தனை அழகாக மடங்கி விரிந்தது. என் சித்தப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

ஆனால் நான் அட்டை விளையாடுகிறவள் அல்லவா, எனக்கு ஜெயம்தான் கணக்கு. திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் சித்தப்பா தெனிக்கும் தோத்துக்கினே கீற? உன் வெயிட்டுக்கு அவர ஒத்தக் கையால தூக்கிடலாமே?"

"தூக்கிடலாம். அப்பறம் நாளைக்கு ஆட்டம் ஏது? தோக்கறதுதாம்மா என் வேல. அவரு கயித்து மேல ஏறி கண்ண மூடிக்கினு குதிக்கறாரு. நான் கொஞ்சம் நவுந்தேன்னு வெச்சிக்க, அவரு இடுப்பு பூடும். கீழ கெடக்கறவன்தான் மேல இருக்கறவன காப்பாத்தணும்."

"வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா இங்க நான் வுழுந்தா கை தட்றாங்க பாப்பா. வூட்ல நான் எழுந்தாலே எதுனா அறுந்துடுது."

பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அதைச் சொன்னார். முதலாளி அவரைக் கூப்பிட்டிருந்தார். ஜெயிக்கிற ஆட்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள், அளவாக விழுகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், கடைசி நாள் வரைக்கும் இதேபோல ஒழுங்காக விழுந்துவிட்டால் வண்டியில் உனக்கு இடம் என்றாராம். அடுத்து வேலூர், அதற்கப்புறம் சித்தூர். "அண்ணங்கிட்ட கடைசி நாள் ஆட்டம் முடிஞ்சி மெதுவா சொல்லிக்கலாம்" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இன்னும் நான் மறக்கவில்லை. வேலூரில் கோட்டை இருக்குமாம், கோட்டைக்கு வெளியே கூடாரம் போடுவார்களாம். லண்டனுக்குப் போகிறவர்கூட அப்படிப் பேசமாட்டார்.

அப்பா வெட்டிக் கொடுத்த வெள்ளை அட்டையில் அன்று சித்தப்பாவின் படம் வரைந்தேன். சிவப்புப் பென்சிலில் முகமூடி. எடை, உயரம் எல்லாம் எழுதினேன். ஜெயம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்த அட்டை எந்த வீடு மாற்றத்தில் தொலைந்ததோ.

கடைசி நாளுக்கு முந்தின ஆட்டத்தில்தான் விஷயம் உடைந்தது. முகமூடியின் பின்முடிச்சு அவிழ்ந்து, சிங்கத்தின் கையோடு துணி வந்துவிட்டது. சித்தப்பா சட்டென்று குப்புறப் படுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். மீசையில் மண் ஒட்டியதோ இல்லையோ, அந்த மீசையை எங்கள் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அவர் வாயில் வெற்றிலைகூடத் தங்காது. விடிந்தபோது தெருவுக்கே தெரிந்திருந்தது.

அப்பா திட்டுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா திட்டவில்லை. தறியில் உட்காரவும் இல்லை.

"சட்டைய கழட்டு" என்றார்.

"அண்ணா, அது..."

"கழட்டுடா."

சித்தப்பா கழற்றினார். முதுகு முழுக்கப் பலகைப் பலகையாகக் கன்றிப்போயிருந்தது. அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெஜ அடி இல்லண்ணா. எல்லாம் பேசி வெச்சிக்கறதுதான்."

"பேசி வெச்சி அடிக்கறானா? அப்ப இது இன்னா, மருதாணியா?"

விழுவது பொய், காயம் நிஜம். இதை எப்படி விளக்குவது? சித்தப்பாவுக்கு இழை முடியத் தெரியும், விழத் தெரியும், வார்த்தை கோக்கத் தெரியாது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "அப்பா, சித்தப்பாவுக்குத் தோக்கறதுதாம்ப்பா வேல" என்று சொன்னேன். "பெரியவங்க பேசறப்ப வாய மூடு" என்று பதில் வந்தது.

அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுக்க, அப்பாவே தம்பியின் முதுகில் ஒத்தடம் வைத்தார். வைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நான் தறியில வெச்சி அவன அந்தப் பேச்சு பேசனேன். அதான் எவன் கிட்டயோ போயி அடி வாங்கிக்கினு கீறான். எங்கப்பா இருந்திருந்தா இப்படி வுட்டிருப்பாரா?" அப்பாவின் குரல் உடைந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். வேலூர் அவர் தொண்டைவரை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வளர்த்த அண்ணன் முதுகைத் தடவிக்கொண்டு அழுகிறபோது, உன்னை விட்டுப் போகிறேன் என்று எந்தத் தம்பிக்கு வாய் வரும்? வந்தது மறுபடி உள்ளேயே போய்விட்டது.

"இன்னிக்கி நீ ஜெயிக்கற. நாங்கல்லாம் வரோம்" என்றார் அப்பா.

"வேணாண்ணா. நீங்க யாரும் வராதீங்க."

"பயப்படாதடா."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கள் தெருவில் எதிர்வீட்டுச் சதையும் ஆடும். கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கே தறிகள் நின்றுவிட்டன. அமாவாசைக்கும் தீபாவளிக்கும் மட்டும் நிற்கிற தறிகள். அந்த அமைதியில் தெருவே எனக்கு வேறு ஊர்போலத் தெரிந்தது. ஆண்கள், பெண்கள், இடுப்புக் குழந்தைகள் எல்லோரும் பொருட்காட்சிக்குக் கிளம்பினோம். எதிர்வீட்டுக்காரர் மாலை வாங்கி வைத்திருந்தார். பம்பைக்காரருக்கும் சொல்லியிருந்தார்கள்.

முன் வரிசை முழுக்க எங்கள் தெரு. சிங்கம் வந்தபோது பின் வரிசைகள் ஆரவாரம் செய்தன. முகமூடி வந்தபோது நாங்கள் செய்தோம். வில்லனுக்குக் கைதட்டலா என்று பின்னால் இருந்தவர்கள் குழம்பினார்கள். சிங்கமும் குழம்பி முதலாளியைப் பார்த்தது. சித்தப்பா எங்களைப் பார்க்கவேயில்லை. மணி அடித்ததும் முதல் பிடியிலேயே போய் ஒழுங்காக விழுந்தார். டின்கள் அதிர்ந்தன. எங்கள் தெரு மொத்தமும் "ஐயய்யோ" என்றது. மறுபடி விழுந்தார். அதைப்போல அழகாக அவர் விழுந்து நான் பார்த்ததில்லை. அன்று வண்டியில் இடம் உறுதியாக வேண்டும் என்று விழுந்தார்.

பிறகு சிங்கம் அவர் மார்பில் கால் வைத்துக் கையை உயர்த்தியது. முதலாளி மண்டியிட்டு, ஒன்று என்று பலகையைத் தட்டினார். மூன்று தட்டினால் ஆட்டம் முடிந்தது.

அப்பா எழுந்து கயிற்றுக்குப் போய்விட்டார். "எழுந்திருடா! அண்ணன் கீறேன்டா! எழுந்திருடா!" வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. அப்பா அழுது தெரு பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். யாரையும் அடிப்பதற்கு அல்ல. அறுந்த பாவுக்கு ஓடிவருவார்களே, அதே முகம். ஒருவர் ஏற்கனவே கயிற்றுக்கு மேலே காலைப் போட்டிருந்தார். அத்தனை பேரும் ஏறினால் அந்தப் பலகைகள் தாங்காது. சிங்கம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

முகமூடியின் ஓட்டை வழியாகச் சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்ததால் எனக்கு அந்தக் கண்கள் தெரிந்தன. முதலாளியின் கை இரண்டாவது தட்டலுக்கு உயர்ந்தது.

சித்தப்பா எழுந்தார்.

சிங்கத்தை அப்படியே இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கினார். கூடாரம் பிளந்துபோகும்படி சத்தம். சிங்கம் அவர் காதில் என்னவோ கேட்டது. சித்தப்பா தலையை மட்டும் அசைத்தார். பிறகு, தூளியில் குழந்தையைப் போடுகிறவர்போல, தலைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துச் சிங்கத்தை மெள்ளக் கிடத்தி, மார்பில் ஒரு கையை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி எண்ணவில்லை. எங்கள் தெருதான் எண்ணியது. மூன்று வரைக்கும் எண்ணுவதற்குள் மாலை மேடைக்கு வந்துவிட்டது.

சட்டையை எடுத்துக்கொண்டு வா என்று அப்பா என்னைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார். வெளியே பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்திருக்க, முதலாளியின் மனைவி முகமூடியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"உன்ன கூட்டினு போறதுக்கு எனக்கு ஆசதாம்பா. ஆனா வுழுறேன்னு சொல்லிட்டு எழுந்தவன நம்பி, நாளைக்கி இவரு எப்படி மேலேருந்து குதிப்பாரு? நீயே சொல்லு."

சித்தப்பா "சரிங்க" என்றார்.

சிங்கம் இழுப்போடு எழுந்துவந்து அவர் கன்னத்தைத் தட்டியது. "போ பையா. உங்கண்ணன் நிக்கறாரு."

முகமூடியை உதறி மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சித்தப்பா அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டார்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வரை ஊர்வலம். ஏதோ கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார் என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பாவைத் தோளில் தூக்கியவர்கள் பெரியகடைத் தெரு வருவதற்குள் மூச்சு வாங்கி இறக்கிவிட்டார்கள். மிச்ச தூரம் மாலையோடு நடந்தே வந்தார். கண்ணிலிருந்து நிற்காமல் தண்ணீர் வழிந்தது. "ஆனந்தக் கண்ணீரு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அப்பா தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே நடந்தார்.

வீட்டில் எல்லோரும் கலைந்த பிறகு அம்மா சோறு போட்டாள். மெதுவாகக் கேட்டாள். "தம்பி, காலையில பெருக்கறப்ப பாத்தேன். உங்க பையில துணியெல்லாம் மடிச்சி வெச்சிருந்துது. எங்கனா போவணும்னு இருந்தீங்களா?"

"இல்ல அண்ணி. தொவைக்கத்தான் எடுத்து வெச்சேன்."

அம்மா, சோப்பு வாசனை போகாத அந்தச் சுத்தமான துணிகளை எடுத்துப்போய் வாளியில் நனைத்தாள்.

அதற்கப்புறம் அப்பா அவரை ஒருநாளும் தறியில் வைத்துத் திட்டவில்லை. அது மட்டுமா, கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் கையாலேயே தம்பியின் தறிப்பள்ளத்தை ஆழமாகவும் அகலமாகவும் வெட்டினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். மேல்கட்டையையும் உயர்த்திப் போட்டார். "இப்ப காலு வசதியா கீதாடா?" என்று கேட்டார். வசதியாக இருந்தது. சித்தப்பா அதில் முப்பது வருஷம் உட்கார்ந்து நெய்தார். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. இழை அறுவதும் குறைந்துபோயிற்று.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார். "என் தம்பி ஒரு சிங்கத்தையே சாச்சவன், தெரியுமா? நான் ஒரே ஒரு குரல்தான் குடுத்தேன்." அந்தக் கதையில் சிங்கம் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயிற்று. சித்தப்பா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு, முதல் தடவை கேட்கிறவர்போலக் கேட்பார். ஒரு சொல் திருத்தியதில்லை. சின்ன வயதில் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகி, நாலு பேருக்கு நடுவே நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய நாட்கள் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது.

போன மாதம் அப்பாவைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருக்கிறார். நினைவு வருகிறது, போகிறது. புண் வராமல் இருக்க நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைப்பது சித்தப்பாதான், வேறு யார் கை பட்டாலும் அப்பா கத்துகிறார். அன்று மதியம் சித்தப்பா அவரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா திடீரென்று கேட்டார். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி.

"டேய், அன்னிக்கி உன்ன எழுந்திருன்னு சொன்னனே. அது சரிதானா?"

சித்தப்பா அண்ணனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இப்போதாவது சொல்லிவிடேன் சித்தப்பா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"இன்னாண்ணா இப்படி கேக்கற? நீ கூப்புடலன்னா நான் எழுந்திருப்பனா?" என்றார்.

அப்பா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.

"ஆமாம்பா" என்றேன்.

சாயங்காலம் என்னை வழியனுப்பச் சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற வண்டியின் கண்டக்டர், "வேலூர், வேலூர், வேலூர்" என்று கூவிக்கொண்டிருந்தார். ரெண்டு மணி நேரம்கூட ஆகாத ஊர்.

"சித்தப்பா, நீ வேலூருக்குப் போயிருக்கியா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூடவா?"

"அங்க நமக்கு யாரு கீறாங்க?" என்றார். என் பையை ஒற்றைக் கையால் மேலே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து இறங்கினார். அண்ணனைத் திருப்பிப் போடுகிற நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.